மோதினார் இரண்டு முறை பார்த்த படம்

சினிமாவுக்குப் போகும் நாள்களில் என் கைப்பைக்குள் ஒரு வெந்நீர் பிளாஸ்க் இருக்கும். வெளியிலிருந்து எதையும் கொண்டுவரக் கூடாது என்று திரையரங்கு வாசலில் கொட்டை எழுத்தில் எழுதிப் போட்டிருப்பார்கள். அதனால் பிளாஸ்க்கை தலையில் போடும் ஒரு பழைய தூடோங் துணியில் சுற்றிப் பைக்கு அடியில் வைத்து, டிக்கெட் பார்க்கும் பையனிடம் ஏதாவது பேச்சுக் கொடுத்தபடி உள்ளே நுழைந்துவிடுவேன். எனக்குச் சற்றுப் பின்னால் என் மாமனார், அந்தப் பைக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாதவர் போல, வெள்ளைத் தொப்பியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வருவார். விளக்கு அணைந்ததும் கையை நீட்டுவார். மூடியில் ஊற்றிக் கொடுப்பேன். இஞ்சியும் அதிமதுரமும் தட்டிப் போட்ட வெந்நீர். அரங்கமே ஐஸ் போட்ட பானத்தை உறிஞ்சிக்கொண்டிருக்க, இவர் மட்டும் காய்ச்சல்காரரைப் போல ஊதி ஊதிக் குடிப்பார். ஐஸ் குடித்தால் தொண்டை கட்டிக்கொள்ளும் என்று பயம். படம் முடிவதற்குள் கிளம்பிப் போய் நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்ல வேண்டுமே.

நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். மலேசியாவில் எங்கள் ஊரான குளுவாங்கில் மற்ற எல்லாருக்கும் அவர் மோதினார். சந்தைக்குப் பின்னால் தமிழ் முஸ்லிம்கள் தொழும் சுராவ் ஒன்று இருக்கிறது. சின்னக் கட்டடம். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றதிலிருந்து ஐந்து வேளையும் அங்கே பாங்கு சொன்னவர் அவர்தான். சம்பளம் கிடையாது, கேட்கவும் மாட்டார். அந்தக் குரலைக் கேட்டுத்தான் சந்தையில் மீன் விற்கும் சீனக் கிழவி கடையை மூடுவாள் என்று சொல்வார்கள். மிகைதான், ஆனால் எங்கள் வீட்டில் உலை வைப்பது, ஈரத்துணி எடுப்பது எல்லாம் அந்தக் குரலின் கணக்கில்தான் நடந்தது.

நான் பாலோவில் பிறந்தவள். அங்கே சினிமாக் கொட்டகை கிடையாது. கல்யாணமாகி குளுவாங்குக்கு வந்தபோது ஊரில் ஒரு திரையரங்கு இருப்பதே எனக்குப் பெரிய சீதனமாகத் தெரிந்தது. ஆனால் கூட்டிப்போக ஆள் இல்லை. என் கணவர் சிங்கப்பூரில் வேலை பார்த்தார். விடுமுறைக்கு வந்தால் தூங்குவார். மாமி, அதாவது என் மாமியார், வாழ்நாளில் திரையரங்கு வாசலை மிதித்ததில்லை. படம் பார்ப்பது தப்பு என்பது அவர் கட்சி, அதில் ஒரு நாளும் இளகவில்லை. அப்படியிருக்க ஒரு நாள் மாமா சமையலறை வாசலில் வந்து நின்றுகொண்டு, குரலைத் தாழ்த்தி, "ஏம்மா, உனக்குப் படம் பாக்கப் புடிக்குமா?" என்று கேட்டார். பிறகுதான் தெரிந்தது, அந்த மனிதர் வருஷக்கணக்காகத் தனியாகவே போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று. மருமகளும் மாமனாரும் ஜோடி போட்டுக்கொண்டு சினிமாவுக்குப் போகிறார்கள் என்று அக்கம்பக்கத்தில் ஒன்றிரண்டு பேர் வாயில் போட்டு மென்றார்கள். மாமி காதில் அது விழுந்தபோது, "போனா என்னா? பயாஸ்கோப்பு பாக்குறதே தப்பு, இதுல யாரு கூட பாத்தா என்னா லா," என்று சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டார்.

காலைக் காட்சிக்கு மட்டும்தான் போவோம். லுஹருக்கு நேரம் நெருங்கியதும் மாமா சத்தமில்லாமல் எழுந்து, தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, மோட்டார் சைக்கிளில் சுராவுக்குப் போய்விடுவார். தமிழ்ப்படமோ லேசில் முடியாது. ஆகவே மோதினாரானதிலிருந்து அவர் எந்தப் படத்தின் முடிவையும் பார்த்ததில்லை. நான் கடைசிவரை உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்து, அடுப்படியில் நின்றபடியே கிளைமாக்ஸைச் சொல்ல வேண்டும். லேசில் விடமாட்டார். "அந்தத் தங்கச்சி என்னா ஆச்சு? மழை பேஞ்சுச்சா இல்லையா? அவன் மன்னிப்புக் கேட்டானா, சும்மா தலையக் குனிஞ்சானா?" என்று குறுக்கு விசாரணை செய்வார். மாமி அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார் என்பதும் எனக்குத் தெரியும்.

இப்படிக் குடைவது அவர் சுபாவம். அதற்கு ஒரு காரணமும் இருந்தது. சுராவில் மௌத் அறிவிப்பு, கந்தூரி அறிவிப்பு எல்லாம் மோதினார்தான் மைக்கில் சொல்ல வேண்டும். ஆரம்ப நாள்களில் ஒரு முறை, தொலைபேசியில் யாரோ சொன்னதை நம்பி, லாயாங் லாயாங்கில் இருந்த ஒரு பெரியவர் மௌத்தாகிவிட்டார் என்று அறிவித்துவிட்டார். ஆள்கள் காரும் வேனும் பிடித்துப் போய் இறங்கினால், அந்தப் பெரியவர் கைலியோடு வந்து கதவைத் திறந்து, "என்னா எல்லாரும் கூட்டமா வந்திருக்கீங்க?" என்று கேட்டிருக்கிறார். இறந்தவர் அதே பெயருள்ள இன்னொருவர். ஊர் சிரித்து ஓய்ந்தது, மாமா சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு எந்த மௌத்தாக இருந்தாலும், மழையானாலும், நேரில் போய் முகத்தைப் பார்த்துவிட்டு வந்துதான் மைக்கைத் தொடுவார். ஜோகூர் பாருவுக்கு பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து அறிவித்ததும் உண்டு. "மோதினார் சொல்லிட்டாரா? அப்ப சரி," என்று ஆள்கள் கைலியை மாற்றிக்கொண்டு கிளம்புவார்கள்.

சுராவின் தலைவர் மாமாவுக்குப் பள்ளித் தோழர். மசாலா மொத்த வியாபாரம் செய்தவர். இருவரும் இளவட்டமாக இருந்தபோது சைக்கிளில் போய்ப் படம் பார்த்தவர்கள். ஹஜ்ஜுக்குப் போய்வந்ததும் தலைவர் படம் பார்ப்பதை அடியோடு விட்டுவிட்டார். விட்டாரே தவிர ஆசை விடவில்லை. மாலை அஸர் தொழுகை முடிந்து இருவரும் நடந்து வரும்போது, வேறு யாரும் பக்கத்தில் இல்லையென்றால், "புதுசா என்னா பாத்த? கத எப்படிடா?" என்று கேட்பார். மாமா கதை சொல்வார். முடிவு மட்டும் நான் பார்த்துச் சொன்னது. ஆக, தலைவருக்குப் போன எல்லா கிளைமாக்ஸும் என் அடுப்படியிலிருந்து போனவைதான். அதை நினைத்து நான் உள்ளூரச் சிரித்துக்கொள்வேன்.

அந்தப் படம் வந்தபோது ஜோகூரில் வெள்ளியும் சனியும் விடுமுறையாக இருந்தது. பெயர் வேண்டாம்; பெயரைச் சொன்னால் இன்றைக்கும் ஆள்கள் கட்சி பிரிந்துகொள்வார்கள். பெரிய நடிகர் நடித்த படம். வில்லன் நம்மவன், அதாவது தொப்பியும் தாடியும் வைத்த ஆள். படம் வருவதற்கு முன்பே முஸ்லிம்களை இழிவுபடுத்துகிறது என்று ஒரு பேச்சு கிளம்பியிருந்தது. மாமாவுக்கு அதுவும் தெரியும். "பாத்துட்டு வந்து பேசிக்கலாம்," என்றார். சனிக்கிழமை காலைக் காட்சிக்குப் போனோம்.

பாதிப் படத்துக்குப் பிறகு ஒரு காட்சி. மேல்மாடியில் வில்லன் தனியாக உட்கார்ந்து குர்ஆன் ஓதிக்கொண்டிருப்பான். கீழே அவனுடைய ஆள்கள், பிணையாகப் பிடித்துவைத்த ஒருவரைக் கொல்வார்கள். கொலையை நேரடியாகக் காட்டமாட்டார்கள். கத்தியை, சுவரை, ஓரமாகக் கிடக்கும் ஒரு செருப்பைக் காட்டிக்கொண்டே இருக்க, ஓதும் குரல் மட்டும் மேலே மேலே போய்க்கொண்டிருக்கும். எனக்கு அன்றைக்கு அது ஒன்றும் செய்யவில்லை. எனக்குப் பிடித்த நடிகர், எப்போது வருவார் என்று பார்த்துக்கொண்டு கச்சாங் கடலை கொறித்துக்கொண்டிருந்தேன். மாமா பிளாஸ்க் மூடியை என் பக்கத்துக் கைப்பிடியில் வைத்தார். அதில் வெந்நீர் அப்படியே இருந்தது. திரும்பிப் பார்த்தேன், கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன். நேரமானதும் வழக்கம்போல எழுந்து போனார்.

வீட்டுக்கு வந்து கிளைமாக்ஸைச் சொன்னேன். ஒரு சாமான் கிடங்குக்குள் வில்லனை அடைத்துக் கதாநாயகன் வெடிவைத்துத் தகர்ப்பதைக் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். மாமா குறுக்குக் கேள்வி எதுவும் கேட்கவில்லை. நான் முடித்த பிறகு, "அந்தக் குரல் யாருதும்மா?" என்றார்.

"எந்தக் குரல் மாமா?"

"மேல மாடியில ஓதுச்சே."

"அந்த நடிகர்தான் ஓதியிருப்பாரு."

"நடிகன் இல்லம்மா. அது படிச்சு ஓதுற ஆளு. எங்க நிறுத்தணும், எங்க மூச்சு வாங்கணும்னு தெரிஞ்ச ஆளு. எதுக்குக் கேக்குறாங்கன்னு தெரியாமலே ஓதிக் குடுத்திருப்பான். இப்ப எங்கயாவது கொட்டாயில உக்காந்து இதக் கேட்டிருப்பான்ல? அவனுக்கு எப்படி இருந்திருக்கும்?"

அன்று அந்தி மஃரிப் பாங்கில் அவர் குரல் நடுவே ஒரு இடத்தில் கமறியது. மாமி கூட நிமிர்ந்து பார்த்தார். தன்னைப் போல ஒருவனின் குரலைக் கொண்டுபோய்க் கொலைக்குப் பின்பாட்டாக வைத்துவிட்டார்கள் என்பதுதான் அவர் வருத்தம். கொடியும் கோஷமும் இல்லாத தனி வருத்தம். எங்கள் ஊரில் அந்தப் படத்தால் உண்மையாகவே மனம் நொந்த ஒருவரை எனக்குத் தெரியும் என்றால் அது மாமாதான்.

அன்று அஸருக்குப் பிறகே தலைவரும் நிர்வாகிகள் இருவரும் வீட்டுக்கு வந்துவிட்டுப் போயிருந்தார்கள். மறுநாள் மஃரிப் முடிந்ததும் மைக்கில் வாசிக்க வேண்டும் என்று ஓர் அறிக்கையைக் கொண்டுவந்திருந்தார்கள். நான் தேநீர் கலந்துகொண்டு சமையலறையில் நின்றேன். கூடத்தில் பேசுவது தெளிவாகக் கேட்டது. படத்தின் மேல் மூன்று குற்றச்சாட்டுகள். ஒன்று, ஓதிக்கொண்டே கொலை செய்வதாகக் காட்டுகிறார்கள். இரண்டு, முஸ்லிம்கள் எல்லாருமே இப்படித்தான் என்று படம் சொல்கிறது. மூன்று, கடைசிக் காட்சியில் ஒரு பள்ளிவாசலை வெடிவைத்துத் தகர்க்கிறார்கள்.

மாமா வாசித்துவிட்டு, "இத யாரு எழுதுனது?" என்றார்.

"வாட்ஸ்அப்ல வந்துச்சு. நம்ம பசங்க நல்ல தமிழ்ல எழுதிக் குடுத்தாங்க," என்றார் தலைவர்.

"மொத விஷயம் சரி. ரெண்டாவது அவங்கவங்க அபிப்பிராயம். எனக்கு அப்படித் தோணல. உனக்குத் தோணுச்சுன்னா உன் அபிப்பிராயம்னே போடு, நான் வாசிக்கிறேன். மூணாவத யாரு பாத்தா?"

"இந்த மாதிரி படத்த யாரு போய் பாப்பா, மோதினார்?" என்றார் நிர்வாகிகளில் ஒருவர், சிரித்துக்கொண்டே.

மாமா படம் பார்ப்பவர் என்பது தலைவருக்குத் தெரியும். காலையில்கூடப் பார்த்திருப்பார் என்று அவரால் ஊகித்திருக்க முடியும். மற்ற இருவர் முன்னால் அவர் வாயைத் திறக்கவில்லை. வருஷக்கணக்காக "கத எப்படிடா?" என்று கேட்டவர், கேட்டே ஆக வேண்டிய அந்த ஒரு நாள் கேட்கவில்லை. "பாத்தாத்தானா? தப்புன்னு தெரியுதுல்ல, போதும் லா. எல்லா ஊர்லயும் வாசிக்கிறாங்க, நம்ம மட்டும் சும்மா இருந்தா நல்லா இருக்காது," என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

இரவு சாப்பிடும்போது நான் சொன்னேன்: "மாமா, அது கெடங்குதான். பள்ளிவாசல் இல்ல. நான்தான் பாத்தேனே."

"நீ சொன்னா நான் நம்புறேம்மா. ஆனா மைக்குல நிக்கிறது நான்ல," என்றார்.

மறுநாள் ஞாயிறு, வேலை நாள். நான் பணிபுரிந்த கிளினிக்குக்குப் போய்விட்டேன். மாமா தன் ஆயுளில் செய்யாத காரியம் ஒன்றைச் செய்தார். முழு டிக்கெட் எடுத்து, அந்தப் படத்தின் கடைசிப் பகுதியைப் பார்ப்பதற்காகவே தனியாகத் திரையரங்குக்குப் போனார். கடைசி வரை இருக்க வேண்டுமானால் லுஹர் பாங்குக்கு வர முடியாது. சுராவில் புதிதாக ஓதி முடித்து வந்திருந்த ஓர் இளைஞரிடம் காலையிலேயே, "இன்னைக்கு லுஹர் பாங்கு நீ சொல்லிரு தம்பி," என்றிருக்கிறார். அந்தத் தம்பி அக்கறையாக, "ஏன் பாய், ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டிருக்கிறான். வேறு யாராக இருந்தாலும் ஆமாம் என்று சொல்லிவிட்டு நகர்ந்திருப்பார்கள். மாமா, "ஒடம்பு நல்லாத்தான் இருக்கு. ஒரு படத்தோட கடைசியப் பாக்கணும்," என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பியிருக்கிறார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவரிடம் இதுதான் தொல்லை.

மஃரிபுக்கு நானும் மாமியும் சுராவில் பெண்கள் பகுதியில் திரைக்குப் பின்னால் இருந்தோம். தொழுகை முடிந்ததும் மாமா மைக்குக்கு முன்னால் வந்தார். அறிக்கையை முழுவதும் வாசித்தார். ஒரு சொல் விடவில்லை, ஒரு சொல்லைக்கூட மென்று விழுங்கவில்லை. வாசித்து முடித்துத் தாளை மடித்துவிட்டு, "இது நிர்வாகத்தோட அறிக்கை. இனி சொல்றது நான். இந்தப் படத்த நான் பாத்தேன். மொத சொன்னது உண்மை. எனக்கும் வலிச்சுச்சு. மூணாவது சொன்னது படத்துல இல்ல. அங்க வெடிக்கிறது சாமான் கெடங்கு. இன்னைக்குப் போய் மறுபடி பாத்துட்டுத்தான் வர்றேன். இல்லாதத இருக்குன்னு அறிவிச்சிட்டு என்னால எறங்க முடியாது," என்றார். மாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடி எனக்கு வலித்தது.

பிறகு நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை. இத்தனை பேர் கேட்ட இடத்தில் "எனக்கும் வலிச்சுச்சு" என்று அவர் சொன்னது ஒருவர் காதிலும் ஏறவில்லை. மூன்றாவது விஷயம் உண்டா இல்லையா என்றுகூட யாரும் பேசவில்லை. ஊர் பிடித்துக்கொண்டது வேறொன்றை. மோதினார் படம் பார்க்கிறார். ஒரு முறை அல்ல, இரண்டு முறை பார்த்திருக்கிறார். பாங்கை விட்டுவிட்டுப் போய்ப் பார்த்திருக்கிறார். மருமகளையும் கூட்டிக்கொண்டு போகிறாராம். ஒரு வாரத்துக்குள் அந்தப் படத்தைத் திரையரங்குகளில் நிறுத்திவிட்டார்கள். படம் மறைந்துவிட்டது, மாமா மட்டும் எல்லார் வாயிலும் மிஞ்சினார். சிங்கப்பூரிலிருந்து என் கணவர் கூப்பிட்டு, "எதுக்கு அத்தா இந்தத் தேவையில்லாத வேல?" என்று தகப்பனாரிடம் சலித்துக்கொண்டார். மாமா, "தேவைன்னு தோணுச்சுப்பா," என்று மட்டும் சொன்னார்.

தலைவர் தனியாக வந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். "கொஞ்ச நாளைக்கு அந்தத் தம்பியே பாங்கு சொல்லட்டும். ஆளுங்க பேச்சு அடங்கட்டும்," என்றார். மாமா பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து மாமி வந்துவிட்டார். "பயாஸ்கோப்பு எனக்குப் புடிக்காது. நான் பாத்ததில்ல, பாக்கவும் மாட்டேன். அது எனக்கும் அல்லாவுக்கும். இவரு பாத்தாருன்னா அது இவருக்கும் அல்லாவுக்கும். எம் மருமக பாத்தா அது அவளுக்கு. நடுவுல நீங்க எதுக்குண்ணே கணக்குப் புள்ள வேல பாக்குறீங்க? உள்ள வந்து டீ குடிங்க," என்றார். சினிமாவை அத்தனை வெறுத்த மனுஷி அன்று எங்கள் இருவருக்காகவும் நின்ற நிலையை நான் மறக்கமாட்டேன். தலைவர் டீ குடிக்கவில்லை. மாமா, "சரிப்பா, அவன் சொல்லட்டும்," என்றார்.

சுராவுக்கு எதிரே ஒரு முடிதிருத்தும் கடை. கடைக்காரர் லாயாங் லாயாங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்த இந்து; நான் சலூன் அண்ணன் என்பேன். மாமாவும் அவரும் படங்களைப் பற்றி மணிக்கணக்கில் வாதாடுவார்கள். சுராவில் மைக்கில் பேசுவது அவர் கடை வரைக்கும் கேட்கும். படம் நின்ற அன்று மாமா அங்கே போனபோது, "நீங்க வாசிச்சீங்க, உங்க ஆளுங்க நிறுத்திட்டாங்க. இப்ப திருப்தியா பாய்?" என்று கேட்டிருக்கிறார். மாமா விளக்கம் சொல்ல முயன்றிருக்கிறார். "ஆனா வாசிச்சது நீங்கதானே," என்று அவர் முடித்துவிட்டார். அதற்குப் பிறகும் மாமா அங்கேயேதான் முடி வெட்டிக்கொண்டார். சலூன் அண்ணன் வெட்டுவார், துண்டை உதறுவார். பேச்சு மட்டும் இல்லை. இந்தப் பக்கத்துக்கு மாமா சினிமாக்காரர், அந்தப் பக்கத்துக்கு அவர் சினிமாவை நிறுத்தியவர். தான் நினைத்ததைச் சொன்ன ஒரு மனிதருக்கு உட்கார ஓர் இடம் இல்லாமல் போனது.

கொஞ்ச நாள் என்று தலைவர் சொன்னது அப்படியே நீண்டுகொண்டு போனது. யாரும் அவரை நீக்கவில்லை. திரும்பக் கூப்பிடவும் இல்லை. அந்தத் தம்பியின் குரல் ஊருக்குப் பழகிவிட்டது. நல்ல குரல்தான், அவன் மேல் எனக்குக் கோபமில்லை. மாமா ஐந்து வேளையும் போய் முன்வரிசையில் உட்கார்ந்து தொழுதுவிட்டு வருவார். வீட்டில் இருக்கும்போது பாங்கு கேட்டால் அவர் உதடு அசையும், சத்தம் வராது.

பல மாதங்களுக்குப் பிறகு நானே வற்புறுத்தி அவரை என் காரில் படத்துக்குக் கூட்டிப்போனேன். வழக்கம்போல பிளாஸ்க்கைப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினேன். திரையரங்கு வாசலில் நின்று, "ஐஸ் மைலோ ஒண்ணு வாங்கும்மா," என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். "இனிமே தொண்டையக் காப்பாத்தி வெச்சு என்னா பண்ணப் போறேன்?" என்று சொல்லிவிட்டு வாங்கி உறிஞ்சினார். அன்று நேரம் வந்தபோது எழுந்திருக்கவில்லை. ஒரு படத்தின் முடிவை முதல் முறையாக என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். வெளியே வரும்போது, "நீ சொல்றதுதான் நல்லாருக்கும்," என்றார். நான் காருக்குள் உட்கார்ந்து அழுதேன். அவர் பார்க்காதவர் போல வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அவர் அதிக வருஷம் இருக்கவில்லை. அவர் மௌத்தான காலையில் தலைவர்தான் முதலில் வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று முகத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு சுராவுக்குப் போய், அந்தத் தம்பியை விலக்கிவிட்டு, தானே மைக்கில் அறிவித்தார். பாதியில் அவரால் பேச முடியாமல் போனதாக என் கணவர் வந்து சொன்னார். சலூன் அண்ணனும் வந்திருந்தார். "ஒரு வார்த்த நின்னு கேட்டிருக்கலாம்மா," என்று என்னிடம் சொல்லிவிட்டு, கடைசி வரை வாசலில் நின்றார். யார் மேலும் என்னால் முழுசாகக் கோபப்பட முடியவில்லை. எல்லாரும் நல்லவர்கள். நல்லவர்கள் எல்லாரும் சேர்ந்துதான் அவரை வாயடைக்க வைத்தார்கள்.

இப்போது அந்தப் படம் யார் வேண்டுமானாலும் வீட்டில் இருந்தபடி பார்க்கலாம் என்று கிடக்கிறது. எதிர்த்தவர்கள் வீட்டுப் பிள்ளைகளே பார்த்துவிட்டு, இதற்கா இத்தனை ரகளை என்று சிரிக்கிறார்கள். சென்ற ஹரி ராயா பெருநாளுக்கு எங்கள் வீட்டில் விருந்து வைத்திருந்தோம். கூட்டம் குறைந்த பிறகு தலைவர் வந்தார். கைத்தடி ஊன்றியபடி வந்து, இந்த முறை செருப்பைக் கழற்றி உள்ளே வந்து உட்கார்ந்தார். கேதுப்பாட் சோறும் ரெண்டாங் இறைச்சியும் வைத்துக் கொடுத்தேன். தட்டை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

"போன வாரம் பேரன் அந்தப் படத்தப் போட்டுக் காட்டுனாம்மா," என்றார். "மொதல்லேர்ந்து கடைசி வரைக்கும் பாத்தேன். கடைசியில வெடிக்கிறது கெடங்குதான்."

"ஆமா," என்றேன்.

"உம் மாமா சொன்னது சரிதான். அன்னைக்கே நான் அவன்கிட்ட கத கேட்டிருக்கணும். கேக்காம விட்டுட்டேன்." அவர் கண் நிறைந்து வழிந்தது. துடைக்கவில்லை.

இந்தச் சொல்லுக்காகத்தான் நான் இத்தனை வருஷம் காத்திருந்தேன். உள்ளே மாமியும் கேட்டிருப்பார். சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும், இல்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "மொத விஷயம்?" என்று கேட்டேன்.

"எதும்மா?"

"அறிக்கையில மொதல்ல இருந்துச்சே. மாமாவும் உண்மைன்னு சொன்னாரே. மேல மாடியில ஒருத்தன் ஓதுவான், கீழ கொல நடக்கும். அதுதான் மாமாவுக்கு வலிச்சுச்சு."

தலைவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், அவர் நடிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். பிறகு என்னைப் பார்த்து, "அப்படி ஒரு காட்சி வருதா?" என்றார். "நான் முழுசாத்தானேம்மா பாத்தேன்."